எம்மாவு: ஒரு பெயர், நான்கு ஊர்கள்

திருத்தலங்களின் தடம் – 9

எருசலேமின் கல்லறைக் கோவிலைப் பற்றிய வழக்கைக் கடந்த இரண்டு இதழ்களில் பார்த்தோம். அந்த வழக்கில் எதிரெதிரே நிற்கும் இரண்டு கல்லறைகளுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இந்த இதழில் நாம் தேடிப் போகும் ஊர் அப்படி ஒரு வட்டத்துக்குள் அடங்காதது. அது எருசலேமிலிருந்து 6 கிலோமீட்டரில் இருந்தது என்பார் உண்டு; 11 கிலோமீட்டர் என்பார் உண்டு; 30 கிலோமீட்டர் என்பாரும் உண்டு. நான்கு இடங்களுக்காக அறிஞர்களும் துறவிகளும் வாதாடியிருக்கிறார்கள். அவற்றில் மூன்றில் எம்மாவின் நினைவாக ஆலயங்கள் எழுந்தன. ஆனால், அந்தப் பெயரைத் தலைமுறை தலைமுறையாக விடாமல் சுமந்துவந்த ஊர் ஒன்றே ஒன்றுதான். அந்த ஊர் இன்று இல்லை.

எம்மாவைக் கிறிஸ்தவர்களின் மனத்தில் நிறுத்தியது லூக்கா நற்செய்தியின் 24-ஆம் அதிகாரம். இயேசு உயிர்த்தெழுந்த ஞாயிறு. அவருடைய சீடர்களில் இருவர் எருசலேமை விட்டு எம்மாவு என்னும் கிராமத்தை நோக்கி நடக்கிறார்கள். ஒருவர் கிலெயோப்பா, மற்றவர் பெயரை லூக்கா சொல்லவில்லை. நம்பியிருந்தவர் சிலுவையில் மாண்டுவிட்டார் என்ற துக்கத்தோடு பேசிக்கொண்டு போகிறவர்களுடன் வழியில் இன்னொருவர் வந்து சேர்கிறார். மோசேயில் தொடங்கித் தீர்க்கதரிசிகள் வரை எடுத்துச் சொல்லி அவர்கள் மனத்தைத் தேற்றுகிறார். ஊரை நெருங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தங்களோடு தங்கும்படி இருவரும் அவரை வற்புறுத்தி அழைக்கிறார்கள். பந்தியில் அவர் அப்பத்தை எடுத்து, ஆசீர்வதித்து, பிட்டுக் கொடுக்கும்போதுதான் அவர் யாரென்று இருவருக்கும் தெரிகிறது. தெரிந்ததும் அவர் மறைந்துபோகிறார். இருவரும் அந்த வேளையிலேயே எழுந்து எருசலேமுக்குத் திரும்பி, கூடியிருந்த பதினொருவரிடமும் நடந்ததைச் சொல்கிறார்கள்.

மாற்கு நற்செய்தியின் இறுதிப் பகுதி இதை ஓரிரு வரிகளில் தொட்டுவிட்டுப் போகிறது. அங்கே ஊரின் பெயர் இல்லை. மத்தேயுவும் யோவானும் இந்த நிகழ்ச்சியைச் சொல்லவே இல்லை. ஆக, எம்மாவுக்கு வழி கேட்க நமக்கு லூக்கா ஒருவர்தான் இருக்கிறார். அவர் தருவன இரண்டு தடயங்கள்: ஊரின் பெயர், எருசலேமிலிருந்து அதன் தூரம். திசையை அவர் குறிப்பிடவில்லை. தூரத்தையாவது நம்பிப் போகலாம் என்றால், வழக்கு தொடங்குவதே அங்கேதான்.

60 ஸ்தாதியா, 160 ஸ்தாதியா?

லூக்கா தூரத்தை ஸ்தாதி என்ற கிரேக்க அளவில் சொல்கிறார். ஒரு ஸ்தாதி ஏறத்தாழ 185 மீட்டர். நமக்குக் கிடைத்துள்ள பழைய கையெழுத்துப் படிகளில் பெரும்பாலானவை எம்மாவை எருசலேமிலிருந்து 60 ஸ்தாதி தூரத்தில் வைக்கின்றன. அதாவது சுமார் 11 கிலோமீட்டர். லூக்கா நற்செய்தியின் மிகப் பழைய படிகளுள் ஒன்றான 75-ஆம் பாப்பிரஸ் இந்த எண்ணைத்தான் தருகிறது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் படியும் அதையே தருகிறது. நம் தமிழ் விவிலியங்கள் சொல்லும் தூரமும் இந்தக் கணக்கை ஒட்டியதுதான்.

அதே நான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இன்னொரு மாபெரும் படி இதற்கு உடன்படவில்லை. சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீனாள் மடத்தில் ஜெர்மானிய அறிஞர் டிஷெண்டார்ஃப் 19-ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்த சீனாய் படி அது. 1933-இல் சோவியத் அரசிடமிருந்து 1,00,000 பவுனுக்கு வாங்கப்பட்டு இன்று லண்டனில் இருக்கிறது. அதில் எம்மாவின் தூரம் 160 ஸ்தாதி. கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். இன்னும் சில கிரேக்கப் படிகளும் சில பழைய மொழிபெயர்ப்புகளும் இந்த எண்ணையே தாங்கியிருக்கின்றன.

நூறு என்ற ஒரு சொல் கூடினாலோ விடுபட்டாலோ ஓர் ஊர் 19 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடுகிறது. படி எடுத்தவர்களில் யார் அந்தச் சொல்லை விட்டார்கள், அல்லது சேர்த்தார்கள்?

மூலபாட ஆய்வாளர்களில் பெரும்பாலோர் 60-தான் லூக்கா எழுதியது என்று கருதுகிறார்கள். பழமையும் பரவலும் அந்த எண்ணின் பக்கம் இருக்கின்றன. 160 எப்படி நுழைந்திருக்கும் என்பதற்கும் அவர்களிடம் விளக்கம் உண்டு. பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களுக்கு எம்மாவு என்றால் எது என்பது தெரிந்திருந்தது. அந்த ஊர் 60 ஸ்தாதியில் இல்லை, 160 ஸ்தாதியில் இருந்தது. தெரிந்த ஊருக்குப் பொருந்தும்படி எவரோ எண்ணைச் சரிசெய்தார் என்பது அவர்கள் முடிவு. சீனாய் படியின் சில பழைய ஏற்பாட்டு நூல்களின் முடிவில், செசரியா நகரத்தின் பாம்பிலஸ் தம் கையால் திருத்திய ஒரு படியோடு இது ஒப்பிடப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறது. செசரியா பாலஸ்தீனக் கடற்கரையில் இருந்த பெரும் நூலக நகரம். பாலஸ்தீன நினைவு இந்தப் படியைத் தொட்டிருக்கக்கூடும் என்று அவர்கள் சந்தேகிக்க இதுவும் ஒரு காரணம்.

எதிர்த்தரப்பும் வாதாடத் தெரிந்ததே. இரண்டு சீடர்களும் அன்றிரவே எருசலேமுக்குத் திரும்பினார்கள் என்று லூக்கா எழுதியிருக்கிறார். ஒரே நாளில் போக 30, வர 30, ஆக 60 கிலோமீட்டர் நடப்பது பெரும்பாடு என்று நினைத்த ஒருவர், நூறு என்ற சொல்லை வேண்டுமென்றே நீக்கியிருக்க மாட்டாரா? எளிதான எண்ணைத் திருத்தி எவரும் கடினமாக்கமாட்டார்கள். கடினமானதைத்தான் எளிதாக்குவார்கள் என்பது அவர்களுடைய வாதம். இந்த வாதத்தை இன்றுவரை முழுமையாகத் தள்ள முடியவில்லை.

போர்களின் நடுவே ஓர் ஊர்

பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களுக்குத் தெரிந்திருந்த அந்த எம்மாவு எது? யூதேயாவின் மலைநாடு மேற்கே இறங்கி ஆயலோன் பள்ளத்தாக்கைத் தொடும் இடத்தில், யாப்பா துறைமுகத்திலிருந்து எருசலேமுக்கு ஏறும் பாதையில், நீரூற்றுகள் நிறைந்த ஊர் ஒன்று இருந்தது. கடலோரத்திலிருந்து எருசலேமைப் பிடிக்க வந்த படைகள் பலவும் அதன் வழியே மலையேறின. அதனால் அந்த ஊரின் பழைய வரலாறு முழுவதும் போர் வரலாறாகவே இருக்கிறது.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், செலூக்கிய அரசின் படை எம்மாவின் அருகே பாளையமிட்டிருந்தது. தளபதி கோர்கியாஸ் ஒரு பகுதிப் படையோடு யூதக் கிளர்ச்சித் தலைவர் யூதாஸ் மக்கபேயுவைத் தேடி மலைக்குள் புகுந்த நேரத்தில், யூதாஸ் அந்தப் பாளையத்தையே தாக்கி வென்றதை மக்கபேயர் முதல் நூல் விரிவாகச் சொல்கிறது. கி.மு. 43-இல் உரோமத் தளபதி காசியஸ் வரி செலுத்தவில்லை என்று கூறி எம்மாவு உட்பட நான்கு ஊர்களின் மக்களை அடிமைகளாக விற்றான். கி.மு. 4-இல் ஏரோது இறந்ததும் நாடெங்கும் கலகம் மூண்டது. எம்மாவின் அருகே உரோமப் படைப்பிரிவு ஒன்றை ஆட்டிடையன் அத்ரோங்கேஸின் ஆட்கள் மறித்துத் தாக்கியதற்குப் பழிவாங்க, சிரியாவின் ஆளுநர் வாருஸ் ஊரையே கொளுத்தினான். மக்கள் அதற்குமுன் ஓடிவிட்டிருந்தார்கள். கி.பி. 68-இல் எருசலேமை நோக்கி வந்த உரோமத் தளபதி வெஸ்பாசியன் ஐந்தாம் லீஜியனை அங்கே நிறுத்தினான். அந்த லீஜியனின் வீரர்களுக்கு எழுப்பிய கல்லறைக் கற்கள் பிற்காலத்தில் அங்கே கிடைத்தன. இவற்றில் பெரும்பகுதி நமக்குத் தெரியவருவது யூத வரலாற்றாசிரியர் யோசேபஸின் எழுத்துகளால்.

இந்த ஊரை லூக்காவின் எம்மாவாக ஏற்க மறுப்பவர்கள், அது ஒரு வட்டாரத்தின் தலைமை ஊர், லூக்கா சொல்வதோ கிராமம் என்று சுட்டிக்காட்டுவது வழக்கம். வாருஸ் வைத்த தீ அந்த மறுப்பின் வலுவைக் குறைக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு சாம்பலான ஊர், இயேசுவின் காலத்தில் கிராமமாகச் சுருங்கியிருப்பது இயல்புதான்.

கி.பி. 221-ஐ ஒட்டி, அங்கே வாழ்ந்த செக்ஸ்துஸ் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர் உரோமப் பேரரசனிடம் தூது போய், தம் ஊருக்கு நகர உரிமை பெற்றுவந்தார். எம்மாவு நிக்கோப்பொலிஸ் ஆனது. உலக வரலாற்றைக் காலவரிசைப்படுத்தி எழுதிய முதல் கிறிஸ்தவர் இவர்தான் என்பதால், கிறிஸ்தவ வரலாற்றெழுத்தின் பிறப்பிடங்களுள் ஒன்றாகவும் அந்த ஊரைச் சொல்லலாம்.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செசரியா ஆயர் யூசேபியுஸ், விவிலிய ஊர்ப்பெயர்களைத் தொகுத்த தம் நூலில், கிலெயோப்பாவின் எம்மாவு இன்றைய நிக்கோப்பொலிஸ்தான் என்று ஐயமின்றி எழுதினார். இவர் பாம்பிலஸின் மாணவர். 333-இல் பிரான்சின் போர்தோவிலிருந்து வந்த பயணி ஒருவர், எருசலேமிலிருந்து நிக்கோப்பொலிஸ் 22 உரோம மைல் என்று குறித்துவைத்தார். அந்த நூற்றாண்டின் இறுதியில் புனித பவுலா அம்மையார் மேற்கொண்ட திருப்பயணத்தைப் பின்னர் எழுதிய எரோனிமுஸ், அப்பம் பிட்கையில் ஆண்டவர் அறியப்பட்ட ஊர் அதுவே என்றும், கிலெயோப்பாவின் வீடு அங்கே ஆலயமாயிற்று என்றும் சொன்னார். ஐந்தாம் நூற்றாண்டில் சோசோமேன் என்ற திருச்சபை வரலாற்றாசிரியர், ஊருக்கு வெளியே சாலைகள் கூடும் இடத்தில் ஓர் ஊற்று இருப்பதையும், இயேசு தம் சீடர்களுடன் அதில் கால் கழுவியதால் அந்த நீர் நோய் தீர்க்கிறது என்று மக்கள் நம்புவதையும் எழுதினார். சோசோமேன் காசாவின் அருகே பிறந்தவர். அந்த மண்ணின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்.

இவர்கள் காலத்தில் நிக்கோப்பொலிஸுக்குப் போட்டியாக வேறோர் எம்மாவை எவரும் முன்னிறுத்தவில்லை. பெரிய ஆலயமும், திருமுழுக்குத் தொட்டியும், பூவேலைப்பாடு மிக்க கல்பாவிய தரைகளும் அங்கே உருவாயின. ஆயர்கள் அமர்ந்தார்கள். சமாரியர்களும் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு, கிரேக்கத்தில் ஒரே கடவுள் என்ற முழக்கமும் சமாரிய எழுத்தில் இறைப்புகழும் பொறித்த தூண் தலைப்பு ஒன்று 1881-இல் அங்கே கிடைத்துச் சான்று தருகிறது.

கொள்ளைநோயும் மறதியும்

ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படைகள் பாலஸ்தீனத்தை வென்றபோது, எம்மாவின் கிரேக்கப் பெயர் உதிர்ந்து பழைய பெயரே அரபு வாயில் அம்வாஸ் என்று நிலைத்தது. படையின் பெரிய பாசறையும் அங்கேதான் அமைந்தது. ஹிஜ்ரி 18-இல், அதாவது கி.பி. 639-ஐ ஒட்டி, அந்தப் பாசறையில் கொள்ளைநோய் புகுந்தது. இஸ்லாமிய வரலாற்றில் அதற்குப் பெயரே அம்வாஸ் கொள்ளைநோய். நபித்தோழர்களில் முதன்மையானவரும் சிரியப் படைகளின் தலைவருமான அபூ உபைதா அதில் இறந்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபலும் இறந்தார். அடுத்து யஸீத் இப்னு அபீ ஸுஃப்யானும் மாண்டபோது, அவருடைய தம்பி முஆவியாவின் கைக்குச் சிரியா வந்தது. உமையா அரசு எழுந்ததற்கான வழி இந்த நோயால் திறந்தது.

மதீனாவிலிருந்து சிரியாவுக்குப் புறப்பட்டு வந்த கலீஃபா உமர், நோய்ச் செய்தி கேட்டு எல்லையிலேயே நின்று ஆலோசித்துத் திரும்பிய நிகழ்ச்சியும் இந்தக் கொள்ளைநோயோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. நோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், அங்கே இருப்பவர்கள் வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அங்கேதான் நினைவூட்டினார். கிறிஸ்தவர்களுக்கு அப்பம் பிட்ட ஊராக இருக்கும் எம்மாவு, முஸ்லிம்களுக்கு நபித்தோழர்கள் உயிர்நீத்த ஊர். யூதர்களுக்கோ மக்கபேயர் வென்ற களம். மூன்று சமயங்களும் தத்தம் காரணத்தால் நினைவில் வைத்த ஊர் இது.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமவெளியில் ரம்லா நகரம் எழுந்தது. சாலையும் வாணிகமும் அதிகாரமும் அங்கே போயின. அம்வாஸ் சிற்றூராகச் சுருங்கியது.

சிலுவைப் போராளிகள் 1099-இல் வந்து எருசலேமைப் பிடித்தபோது, எம்மாவைத் தேட அவர்கள் கையில் இருந்தது லத்தீன் விவிலியம். அதில் இருந்த எண் 60. இந்த வரலாற்றில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைக்கும் செய்தி இதுதான்: அந்த லத்தீன் விவிலியத்தைத் தந்தவர் எரோனிமுஸ். நிக்கோப்பொலிஸ்தான் எம்மாவு என்று தம் கைப்பட எழுதியவரின் மொழிபெயர்ப்பே, நிக்கோப்பொலிஸுக்குப் பொருந்தாத தூரத்தை ஐரோப்பா முழுவதும் கொண்டுசேர்த்தது. உள்ளூர் நினைவை அறிந்த எரோனிமுஸுக்கு அந்த எண் தடையாகத் தோன்றவில்லை. எழுநூறு ஆண்டு கழித்து வந்தவர்களுக்கோ எண் மட்டும் கையில் இருந்தது. நினைவைச் சொல்ல ஆட்கள் குறைந்திருந்தார்கள். அம்வாஸின் பழைய ஆலயச் சிதைவுக்குள் அவர்கள் சிறிய ஆலயம் ஒன்றைக் கட்டிக்கொண்டது உண்மை. ஆனாலும் எம்மாவு என்ற மதிப்பை வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பாதை மாறினால் தலமும் மாறும்

அவர்கள் தேர்ந்தது எருசலேம் சாலையில் 60 ஸ்தாதிக் கணக்குக்கு நெருக்கமாக இருந்த ஊர். இன்று அதன் பெயர் அபூ கோஷ். அங்கே நல்ல ஊற்று இருந்தது. அந்த ஊற்றின் மேல் உரோமர்களின் பத்தாம் லீஜியன் நீர்த்தேக்கம் கட்டியிருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவமனைத் துறவியரான ஹாஸ்பிட்டலர்கள், அந்த நீரைக் கீழறையில் அடக்கித் தடித்த சுவர்களோடு ஓர் ஆலயம் எழுப்பினார்கள். சுவரோவியங்கள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. 1187-இல் சலாஹுத்தீன் வென்றபின் ஆலயம் கைவிடப்பட்டது. 1873-இல் உதுமானிய சுல்தான் அதைப் பிரான்சுக்குக் கொடுத்தார். பின்னர் பெனடிக்ட் சபைத் துறவியர் அங்கே குடியேறினார்கள்.

சிலுவைப் போராளிகளின் ஆட்சி முடிந்தபின், ரம்லாவிலிருந்து எருசலேம் செல்லும் திருப்பயணிகள் வடக்கே வேறொரு பாதையில் போகத் தொடங்கினார்கள். பாதை மாறியதும் எம்மாவும் மாறியது. எருசலேமுக்கு வடமேற்கே, அதுவும் ஏறத்தாழ 60 ஸ்தாதியில் இருக்கும் அல்-குபைபா என்ற ஊர் மத்திய காலத்தின் பிற்பகுதியில் எம்மாவாக அறியப்பட்டது. பிரான்சிஸ்கன் துறவியர் அந்த மரபைக் கைக்கொண்டார்கள். 1861-இல் பிரெஞ்சுப் பெருமாட்டி பவுலின் தெ நிக்கொலே அங்கிருந்த நிலத்தை வாங்கி அவர்களுக்குக் கொடுத்தார். சிலுவைப் போராளிகள் காலத்து ஆலயத்தின் அடித்தளத்தின்மேல் 1902-இல் இன்றைய ஆலயம் முடிந்தது. அதனுள் பழைய வீடொன்றின் எச்சத்தைக் கிலெயோப்பாவின் வீடு என்று காட்டுகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் ஆங்கிலேயர்கள் இத்தாலியத் துறவிகளை அங்கேயே காவலில் வைத்தபோது, அவர்களில் ஒருவரான தொல்லியலாளர் பெல்லார்மினோ பகாத்தி அந்த நாள்களை வீணாக்காமல் ஊரை அகழ்ந்தார். பழைய குடியிருப்பு இருந்ததற்குச் சான்று கிடைத்தது. அது எம்மாவு என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த திங்களன்று பிரான்சிஸ்கன் துறவியரும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் இன்றும் அங்கே கூடி வழிபடுகிறார்கள்.

நான்காவது இடம், எருசலேமின் மேற்கு வாசலிலேயே இருக்கும் மோத்ஸா. உரோமர்களுக்கு எதிரான யூதப் போர் முடிந்தபின் வெஸ்பாசியன் 800 முன்னாள் வீரர்களுக்கு அம்மாவுஸ் என்ற ஊரைக் குடியிருப்பாகக் கொடுத்தான் என்றும், அது எருசலேமிலிருந்து 30 ஸ்தாதி என்றும் யோசேபஸ் எழுதியிருக்கிறார். வீரர் குடியிருப்புக்கு லத்தீனில் கொலோனியா. அதே இடத்தில் கலூனியா என்ற அரபுக் கிராமம் 1948 வரை இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த தாக்குதலோடு அது வெறுமையானது. பழைய பெயரும் எருசலேமின் அருகாமையும் மோத்ஸாவுக்கு உண்டு. தூரம்தான் லூக்கா சொன்னதில் பாதி. போகவும் வரவும் சேர்ந்த தூரத்தை லூக்கா சொல்லியிருக்கலாம் என்று ஆதரவாளர்கள் கணக்குக் காட்டுகிறார்கள். 2001 முதல் 2004 வரை கார்ஸ்டன் பேட்டர் தீடே என்ற ஜெர்மானிய அறிஞர் அங்கே அகழாய்வு நடத்தி இந்த இடத்துக்காக வாதாடினார். ஆனால் முதல் ஆயிரம் ஆண்டில் எந்தக் கிறிஸ்தவத் திருப்பயணியும் மோத்ஸாவை எம்மாவு என்று வணங்கியதற்குச் சான்றில்லை.

அம்வாஸ் திரும்பி வந்தது, அழிந்தும் போனது

19-ஆம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தின் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு திரிந்த அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன், உள்ளூர் அரபு மக்களின் வாயில் பழைய விவிலியப் பெயர்கள் உயிரோடு இருப்பதைக் கண்டார். அம்வாஸ்தான் லூக்காவின் எம்மாவு என்ற பழைய கருத்தை அவர் ஆதரித்து எழுதினார். 1878-இல் பெத்லகேம் கார்மேல் மடத்தின் மரியம் பவார்தி என்ற துறவி, தாம் கண்ட காட்சியின் வழியே அம்வாஸை எம்மாவு என்று சுட்டினார். கலிலேயாவின் இபில்லீனில் பிறந்த அரபுப் பெண் அவர். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். சிதைவு கிடந்த நிலத்தைக் கார்மேல் மடம் வாங்கியது. பிரெஞ்சுப் படையதிகாரி கியோமோ 1880-களில் அங்கே அகழ்ந்தார். 1924 முதல் எருசலேம் பிரெஞ்சு விவிலியப் பள்ளியின் வின்சென்ட், ஆபெல் என்ற இரு டொமினிக்கன் துறவிகள் பெரிய அளவில் அகழ்ந்து 1932-இல் நூலாக வெளியிட்டார்கள். ஆலயம் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்ற அவர்கள் முடிவைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளே பொருத்தம் என்கிறார்கள். அவர்கள் வெளிக்கொணர்ந்த சுவர்களும் தரைகளும் மட்டும் எவரும் மறுக்க முடியாத சான்றாக நிற்கின்றன.

இந்த அகழாய்வுகள் நடந்தபோது பக்கத்திலேயே வீடுகளும் தோட்டங்களும் பள்ளிவாசலும் கொண்ட அம்வாஸ் கிராமம் இருந்தது. ஊரார் தங்கள் பேச்சில் இம்வாஸ் என்பார்கள். 1948 போரில் லத்ரூன் மேட்டுக்காக இஸ்ரேல் படைக்கும் ஜோர்தான் படைக்கும் நடந்த கடுஞ்சமரின் எல்லையில் அது நின்றது, தப்பியது. 1967 ஜூன் போரில் தப்பவில்லை. இஸ்ரேல் படை லத்ரூனைப் பிடித்ததும் அம்வாஸ், யாலு, பைத் நூபா ஆகிய மூன்று கிராமங்களின் மக்களையும் வெளியேற்றி ரமல்லா திசை நோக்கி நடக்கவைத்தது. திரும்ப முயன்றவர்களை அனுமதிக்கவில்லை. வீடுகளை இயந்திரங்கள் கொண்டு தரைமட்டமாக்கினார்கள். பைத் நூபாவில் இது நடந்தபோது அங்கிருந்த படைவீரர்களில் ஒருவரான இஸ்ரேலிய எழுத்தாளர் அமோஸ் கேனான், முதியவர்களும் குழந்தைகளைச் சுமந்த பெண்களும் போனதைக் கண்டு எழுதிவைத்த சாட்சியம் இன்றும் இருக்கிறது.

1970-களில் யூத தேசிய நிதியம் கனடாவில் திரட்டிய நன்கொடையால் அந்த நிலத்தில் பொழில் அமைத்தது. அதற்குக் கனடா பூங்கா என்று பெயர். விடுமுறை நாள்களில் குடும்பங்கள் அங்கே உலாவ வருகின்றன. பூங்காவில் உரோமக் குளியலறையும் பழைய நீர்வழிகளும் காட்டப்படுகின்றன. 1967 வரை அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லை. ஸோக்ரோத் என்ற இஸ்ரேலிய அமைப்பு வழக்குத் தொடுத்த பிறகே பலகைகள் வைக்கப்பட்டன, அவையும் சிதைக்கப்பட்டன. ஆலயச் சிதைவு மட்டும் திருச்சபையின் நிலத்தில் பத்திரமாக இருக்கிறது. 1993 முதல் ஒரு கத்தோலிக்கத் துறவறக் குழு அதைப் பேணிவருகிறது.

தீர்ப்பு

நான்கு இடங்களையும் வரிசையாக நிறுத்திப் பார்ப்போம். அபூ கோஷுக்கும் அல்-குபைபாவுக்கும் தூரம் பொருந்துகிறது. ஆனால் சிலுவைப் போராளிகளுக்கு முன்பு எவரும் அவற்றை எம்மாவு என்று அழைத்ததாகச் சான்றில்லை. மோத்ஸாவுக்குப் பெயர் பொருந்துகிறது. தூரம் பாதி, வழிபாட்டு நினைவு இல்லை. அம்வாஸுக்குப் பெயரும் பழைய நினைவும் முழுமையாக உண்டு; லூக்காவின் நம்பத்தகுந்த படிகள் சொல்லும் தூரம் மட்டும் பொருந்தவில்லை. பெயர், தூரம், பழைய நினைவு மூன்றும் ஒருசேரப் பொருந்தும் ஊர் இல்லை.

ஆகவே, இரண்டு கேள்விகளையும் நாம் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்த ஞாயிறு மாலை எந்த வீட்டில் அப்பம் பிட்கப்பட்டது என்பது ஒன்று. அதற்கு விடை சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. 60 ஸ்தாதி என்ற வாசகமே சரி என்றால் அம்வாஸின் உரிமை தளர்கிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் எங்கே போய் அந்த நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தார்கள் என்பது இன்னொன்று. அதற்கு விடை அம்வாஸ்தான். இதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

அந்த நினைவு எப்படி நம்மிடம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு முழுமையாகாது. ஆலயம் இடிந்தபின், ஆயர்கள் போனபின், ஐரோப்பியர்கள் எம்மாவை வேறெங்கோ தேடிக்கொண்டிருந்த ஆண்டுகளிலும், அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் அங்கே உழுது விதைத்த அரபு மக்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ராபின்சனின் காதில் விழுந்தது அவர்களின் பேச்சு. அவர்கள் இல்லாவிட்டால் யூசேபியுஸும் எரோனிமுஸும் குறிப்பிட்ட ஊரை வரைபடத்தில் குறிப்பது பெரும்பாடாகியிருக்கும். அம்வாஸின் ஆலயச் சிதைவைப் பேணுவது எவ்வளவு தேவையோ, அந்தக் கிராமத்தாரின் பெயரையும் வெளியேற்றத்தையும் அங்கே எழுதிவைப்பது அவ்வளவு தேவை. எம்மாவின் கதையைச் சொல்லும் திருப்பயண வழிகாட்டிகள், பைசாந்தியத் தரையைக் காட்டிவிட்டு 1967-ஐத் தாண்டிப் போவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. வழியில் வந்த அந்நியரை வீட்டுக்குள் அழைத்து உணவிட்டதால் புனிதமான ஊர் அது. அதன் மக்களே வீடிழந்து வழியில் நின்றதைச் சொல்லாமல் அந்த ஊரின் புனிதத்தைப் பேச நமக்கு உரிமை கிடையாது.

(அடுத்த இதழில்: தண்ணீர் திராட்சரசமான கானா. கலிலேயாவில் எந்தக் கானா?)